கிச்சன் ஹாப்பை நீங்களே மாத்தினா எவ்வளவு மிச்சம்? ஸ்க்ரூ டிரைவர் எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

மேடையில பதிச்ச எலக்ட்ரிக் ஹாப்போட கண்ணாடியில விரிசல் விழுந்துடுச்சா? "இன்னொரு பர்னர் நல்லாத்தானே இருக்கு"ன்னு அதுலயே சமைக்காதீங்க. பால் பொங்கினா விரிசல் வழியா உள்ளே, கரன்ட் ஓடற இடத்துக்கே இறங்கும். முதல்ல எம்சிபியை ஆஃப் பண்ணுங்க. செலவை அப்புறம் பேசலாம்.

சர்வீஸ் சென்டர்ல கண்ணாடிக்கு மட்டும் விலை கேளுங்க. வாரன்டி முடிஞ்சிருந்து, அந்த விலை புது ஹாப்பில் பாதியைத் தாண்டினா, புதுசே மேல் என்பது என் கருத்து.

இதுல மிச்சம் பிடிக்கிறதும் கோட்டை விடுறதும் மாட்டும்போது இல்லை, வாங்கும்போதுதான். "60 செ.மீ. ஹாப்"னு கடையில சொல்றது மேலே தெரியிற கண்ணாடியோட அகலம். உங்களுக்கு வேண்டியது கிரானைட்ல வெட்டியிருக்கிற ஓட்டையோட அளவு. பல 60 செ.மீ. மாடல்களுக்கு அது 56 x 49 செ.மீ. ஆனா எல்லா மாடலும் அப்படி இல்லை. பழைய ஹாப்போட மேனுவல்ல இருக்கும், இல்லைன்னா கீழ் டிராயரைக் கழட்டிட்டு டேப் வச்சு அளங்க. ஓட்டை சின்னதா போனா கிரானைட் வெட்ட ஆள் வரணும். பெருசா போனா ஹாப் உட்காரவே உட்காராது. ஆஃபர்ல கிடைச்ச தள்ளுபடி அங்கேயே காலி.

அடுத்து வாட்ஸ். ரெண்டு பர்னர் ஹாப் 3,000 வாட்ஸ்னா, 230 வோல்ட்டுக்கு வகுத்தா 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பாயின்ட் தாங்கும். அந்த இடத்துல 7,200 வாட்ஸ் இண்டக்‌ஷன் வச்சா 31 ஆம்பியருக்கு மேல! தனி லைன், தடிமனான வயர், 32 ஆம்பியர் எம்சிபின்னு செலவு நீளும். ஈபி இணைப்போட சாங்ஷன்டு லோடையும் பார்க்கணும்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்துலதான் கோடு போடுது. மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிமுறைப்படி, வீட்டு வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்யணும். 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு சாதனத்தை, மின் திறனும் தன்மையும் மாறாம மாத்துறதுக்கு மட்டும் விலக்கு. அதாவது, அதே வாட்ஸுக்கு அதே வாட்ஸ், பிளக் கழட்டி பிளக் மாட்டுறது உங்க வேலை. பழைய ஹாப்பைத் தூக்கி, மேடையைத் துடைச்சு, புதுசோட ஓரத்துல ஃபோம் டேப் ஒட்டி உட்கார வச்சு, கிளிப் மாட்டுங்க. தூக்குறதுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லது. சிலிக்கான் பூசி ஒட்டிடாதீங்க, நாளைக்கு சர்வீஸுக்குக் கழட்டணும்.

பிளக் இல்லாம சுவத்துல இருந்து வயர் நேரா வந்தா, அங்கேயே நிறுத்துங்க. காரணம் இருக்கு. புது ஹாப்போட கேபிள்ல நீலம்னா நியூட்ரல். நம்ம ஊர் பழைய த்ரீ ஃபேஸ் வயரிங்ல சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். கலரைப் பார்த்துக் கலரோட சேர்த்தா நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்துல ஃபேஸ் வந்து நிக்கும். ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400 வோல்ட் வரைக்கும் இருக்கும். ஹாப் போறது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் கூலியை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

காயில் ஹாப்ல இருந்து இண்டக்‌ஷனுக்கு மாறுறவங்க இன்னொரு செலவையும் எழுதிக்கணும்: பாத்திரம். சாதாரண அலுமினிய குக்கர், பித்தளை, மண்சட்டி எதுவும் அதுல சூடாகாது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தோட அடியில வச்சுப் பாருங்க. ஒட்டாத பாத்திரத்தை எல்லாம் எண்ணி, விலை போட்டு, ஹாப் விலையோட கூட்டுங்க. குக்கரும் தோசைக்கல்லும் சேர்ந்தாலே கணக்கு மாறிடும்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வாரன்டி கார்டையும் படிங்க. கம்பெனி ஆளே மாட்டணும்னு நிபந்தனை இருந்தா, நீங்களே மாட்டி மிச்சம் பிடிச்ச சில நூறு ரூபாய்க்காக வாரன்டியை இழக்க வேண்டி வரும். சில கம்பெனிகள் இன்ஸ்டலேஷனை விலையோடயே சேர்த்துத் தர்றாங்க, கேட்டுக்கோங்க.

வாடகை வீடா? ஹவுஸ் ஓனர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துல அனுமதி வாங்குங்க, காசு யாரு தர்றதுன்னும் அதுலயே பேசிடுங்க. உங்க காசுல வாங்கினா பில் உங்க பேர்ல இருக்கட்டும். காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்க வந்தா, காட்ட உங்ககிட்ட அது இருக்கும்.