அயல் மாநிலத்தில் கைப்பேசியின் துணை

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் செல்வது தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மும்பையில் தாராவியும் தில்லியில் கரோல் பாக்கும் பல தலைமுறைகளாகத் தமிழ் ஒலி கேட்கும் இடங்கள். அங்ஙனம் சென்றவரை வருத்தும் குறைகள் மூன்று: ஊரின் மொழி தெரியாமை, வேண்டிய ஆவணம் கையில் இல்லாமை, வீட்டிற்குப் பணம் அனுப்பும் தொல்லை. இம்மூன்றையும் இன்று ஒரு ஸ்மார்ட்போன் பெரிதும் போக்குகின்றது. ஆயினும் அதனை ஆளும் முறை அறியாவிடில், உதவிக்கு வாங்கிய கருவியே உபத்திரவமாய் முடியும்.

செயலி என்பது ஒரு குறித்த வேலைக்கென நாம் அமர்த்திக்கொள்ளும் ஏவலாள் போன்றது. ஏவலாளை அமர்த்துமுன் வீட்டிற்குப் பூட்டு வேண்டும் அன்றோ? ஆகவே, கைப்பேசியைத் திறக்க இரகசிய எண்ணோ கைரேகையோ அமைத்துக்கொள்வது முதல் வேலை. அடுத்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் மொழி என்னும் தலைப்பைத் தேடித் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்றாவதாக, *#06# என அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் தோன்றும். இரண்டு சிம் கொள்ளும் கருவியாயின் இரண்டு எண்கள் தோன்றும். அவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். அதன் பயன் பின்னர் விளங்கும்.

முதற்கண் மொழி. ‘கூகிள் டிரான்ஸ்லேட்’ செயலியில் தமிழில் பேசினால், அது இந்தியிலோ மராத்தியிலோ மாற்றித் தரும். பெயர்ப்பலகைக்கு நேரே கேமராவைக் காட்டினால் அதன் பொருளையும் கூறும். வேண்டிய மொழிகளை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் எழுத்தை மொழிபெயர்க்கும். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுதல் நலம். மருந்தின் அளவு, கையொப்பமிடும் ஒப்பந்தம் ஆகியவற்றில் மட்டும் இயந்திரத்தை நம்பாது, இரு மொழியும் அறிந்த ஒருவரைக் கேட்பதே அறிவுடைமை.

அடுத்தது ஆவணம். 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘டிஜிலாக்கர்’ என்னும் அரசுச் செயலியில் ஓட்டுநர் உரிமம் முதலியவற்றைப் பெறலாம். உரிய அலுவலகத்திலிருந்து அதன் வழியே நேராக வரும் ஆவணம் மூலத்திற்கு நிகராக ஏற்கத்தக்கது. நாமே படம் பிடித்து ஏற்றி வைத்த நகலுக்கு அம்மதிப்பு இல்லை.

குடும்ப அட்டையைப் பற்றியும் ஒரு செய்தி. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டம் 2022-இல் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அருகிலுள்ள கடையையும் நமக்குரிய அளவையும் ‘மேரா ரேஷன்’ செயலி காட்டும். ஆனால் முன்னுரிமை அட்டையும் அந்த்யோதயா அட்டையும் உடையவர்க்கே இச்சலுகை உண்டு. தமிழ்நாட்டு அரசு தனியே வழங்கும் பருப்பும் பாமாயிலும் வெளிமாநிலக் கடையில் கிடையா. தந்தை தில்லியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள, எஞ்சியதை ஊரிலுள்ள குடும்பத்தார் வாங்குவதும் இயலும்.

மூன்றாவது, பணம். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் எந்நேரமும் வீட்டிற்குப் பணம் அனுப்பலாம். ‘பீம்’ போன்ற செயலிகள் இதற்கு உதவுவன. இங்கே ஒரு விதியை மனத்தில் நிறுத்த வேண்டும்: பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவுமே இரகசிய எண் வேண்டும்; பணம் பெறுவதற்கு அது வேண்டுவதில்லை. “உங்களுக்குப் பணம் வரவிருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்” என எவரேனும் சொன்னால், அவர் தருபவர் அல்லர், பறிப்பவர். ஏமாந்துவிட்டால், நாணமுற்றுக் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிச் செல்லுமுன் தடுக்க அதுவே வழி.

எச்செயலியையும் ‘பிளே ஸ்டோர்’ போன்ற முறையான இடத்திலிருந்தே பெறுங்கள். அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டு எதனையும் நிறுவலாகாது. எளிதில் கடன் தருவதாகக் கூறி, நம் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க இசைவு கேட்கும் செயலிகளை அறவே விலக்குக.

வாயும் பெட்டியும் பணப்பையும் ஒரே கருவியில் அடங்கியிருத்தலின், அது தொலைந்தால் இழப்பும் பெரிது. அப்போது வங்கிக்கும் சிம் நிறுவனத்திற்கும் உடனே தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதே எண்ணுக்குப் புதிய சிம் பெறுக. பின்னர் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில், முன்பு எழுதி வைத்த 15 இலக்க எண்ணைக் கொடுத்தால், தொலைந்த கருவி எந்த வலைப்பின்னலிலும் இயங்காதவாறு தடுக்கப்படும். அந்தத் தாளை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.