கிண்டி டு டிரென்டன்!

‘‘பாலிடிக்ஸா? நமக்கு எதுக்கு பாஸ் அந்த வேலை! படிச்சு முடிச்சோமா, ஜி.ஆர்.இ. எழுதினோமா, ஃப்ளைட் ஏறினோமானு இருக்கணும்!’’

எந்த இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீனில் காது கொடுத்தாலும் இந்த டயலாக் கேட்கும். ஆனால், ஃப்ளைட் ஏறின பிறகு பாலிடிக்ஸில் குதித்து ஜெயித்த ஒருவர் இருக்கிறார். அதுவும் நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் சீனியர்! பெயர், உபேந்திர சிவுகுலா.

1950-ல் நெல்லூரில் பிறந்தவர். கிண்டியில் எலெக்ட்ரிக்கல், நியூயார்க் சிட்டி காலேஜில் மாஸ்டர்ஸ், அப்புறம் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியில் இன்ஜினீயர் வேலை. இதுவரைக்கும், எந்த காலேஜ் அலுமினி லிஸ்ட்டிலும் நூறு பேருக்கு இருக்கிற கதைதான். ட்விஸ்ட் இனிமேல்தான்!

அவர் செட்டிலானது நியூஜெர்ஸி மாநிலத்தில். அங்கே இந்தியர்கள் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 1987-ல் ஜெர்ஸி சிட்டியில் ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று ஒரு கும்பல் கிளம்பியது. டாட் என்றால் நெற்றிப் பொட்டு! ‘இந்தியர்களை விரட்டுவோம்’ என்று பத்திரிகைக்கே லெட்டர் போட்டு மிரட்டினார்கள். தெருவில் அடி, உதை... அந்த வருஷம் ஓர் இந்தியரை அடித்தே கொன்றார்கள். நம்மாட்களிடம் டிகிரி இருந்தது, சம்பளம் இருந்தது. ஆனால், அந்த மாநில சட்டசபையில் எழுந்து பேச நம்மாள் ஒருத்தர்கூட இல்லை.

அந்த இடத்தை சிவுகுலா பிடித்தது ஒரே ஜம்ப்பில் இல்லை. 1997-ல் ஃப்ராங்க்ளின் டவுன்ஷிப் கவுன்சில் மெம்பர். ரோடு, வரி, எங்கே கட்டடம் கட்டலாம், எங்கே கூடாது என்கிற உள்ளூர்ப் பஞ்சாயத்துதான் அங்கே வேலை. 1998-ல் துணை மேயர், 2000-ல் மேயர்! 2001 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று, 17-வது தொகுதியிலிருந்து மாநில சட்டசபைக்குள் நுழைந்தார். இந்தியர் ஓட்டை மட்டும் நம்பி ஜெயிக்கிற தொகுதி இல்லை அது. தலைநகர் டிரென்டனில் இருக்கும் சட்டசபைக்குள் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர்தான்.

உள்ளே போய் என்ன செய்தார்? படித்த எலெக்ட்ரிக்கல் வீணாகவில்லை! 2012-ல் வந்த நியூஜெர்ஸி சோலார் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். அப்போது அங்கே கூரையில் சோலார் பேனல் போட்டு ஆயிரம் யூனிட் கரன்ட் எடுத்தால், ஒரு சர்டிஃபிகேட் கிடைத்தது. மின்சாரம் விற்கும் கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கியாக வேண்டியிருந்தது. பேனல்கள் குவிந்து சர்டிஃபிகேட் விலை தடாலென்று விழுந்தபோது, கம்பெனிகள் வாங்க வேண்டிய அளவைக் கூட்டியது அந்தச் சட்டம்.

எல்லாமே வெற்றி இல்லை. 2012-ல் அமெரிக்க காங்கிரஸுக்கு நின்றார், தோல்வி. 2014-ல் இன்னொரு தொகுதியில் முயற்சி, கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே அவுட்! ஆனாலும் அதே வருஷம், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கவர்னர் கிறிஸ்டி, மின்சாரம், கேஸ், தண்ணீர் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் மாநில போர்டில் இவரை கமிஷனராக நியமித்தார்.

அமெரிக்காவில் குடியேறி சிட்டிசன் ஆனவருக்கு ஜனாதிபதி, துணை ஜனாதிபதி நாற்காலிகள் மட்டும்தான் கிடையாது. மற்றதெல்லாம் ஓப்பன்! சிவுகுலா ஆரம்பித்தது டவுன்ஷிப் கவுன்சிலில். நம்ம ஊரில் கவுன்சிலர் தேர்தலில் நிற்க 21 வயது போதும் ஃப்ரெண்ட்ஸ். ஜி.ஆர்.இ. ஸ்கோர்கூட கேட்க மாட்டார்கள்!