பாரப் பெட்டி இழுக்கும் பழைய வாகனங்களும் பிறேக்கும்

அறுவடைக் காலத்திலும் இடம் மாறும் வேளையிலும் பழைய பிக்கப் ஒன்றின் பின்னால் பெட்டியைக் கொழுவி, நெல் மூட்டைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்வது நாம் அறிந்ததே. இப்படியான வாகனத்தை ஓட்டுவதிலும் பார்க்க நிறுத்துவதே கடினம்.

திடீரென முழுப் பலத்துடன் பிறேக்கை மிதித்தால் சில்லுகள் சுழலாமல் இறுகிவிடும். ஆனால் வாகனம் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகும். உருளும் சில்லு நாம் திருப்பும் பக்கம் திரும்பும். இறுகிய சில்லோ எப்பக்கம் திருப்பினாலும் போன திசையிலேயே இழுபடும். பாரப் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது வாகனம் கொழுவியில் மடிந்து குறுக்காகத் திரும்பவும் கூடும்.

இதைத் தடுக்க உதவுவதே ஏ.பி.எஸ். எனப்படும் சில்லு இறுகாத பிறேக். 1978இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் தயாரித்த மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் பொருத்தப்பட்டது. சில்லு சுழலும் வேகத்தை ஓர் உணர்கருவி கவனிக்கிறது. சில்லு இறுகப்போகும் வேளையில் பிறேக் அழுத்தம் தளர்ந்து மீண்டும் ஏறுகிறது. ஒரு செக்கனில் பல தடவை இது நடக்கும். அப்போது மிதி காலின் கீழ் துடிக்கும். பயந்து காலை எடுக்க வேண்டாம். தொடர்ந்து அழுத்தியபடி வாகனத்தைத் திருப்புங்கள்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு:

1. பிக்கப்பில் உள்ள ஏ.பி.எஸ். பெட்டியின் சில்லுகளைக் கட்டுப்படுத்தாது.

2. கிரவல், மணல் வீதிகளில் நிறுத்தும் தூரம் கூடலாம்.

3. மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால் அது வேலை செய்யவில்லை என்பதே பொருள். சாதாரண பிறேக் இருக்கும். சிவப்பு பிறேக் விளக்கும் எரிந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஏ.பி.எஸ். இல்லாத வாகனத்தில் அந்த வேலையை ஓட்டுநரின் கால்தான் செய்ய வேண்டும். அழுத்துங்கள், சில்லு வழுக்கினால் சற்றுத் தளர்த்தி மீண்டும் அழுத்துங்கள். ஏ.பி.எஸ். உள்ள வாகனத்தில் இப்படிச் செய்யக் கூடாது.

எந்த வாகனமானாலும் பின்வருவனவற்றை மறக்க வேண்டாம்:

- வேகம் 20 கிலோமீற்றரிலிருந்து 40 ஆனால், பிறேக் பிடித்தபின் நிற்கும் தூரம் இரு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

- பாரத்தை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் ஏற்றுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி ஆடும்.

- இறக்கம் தொடங்குமுன் கீழ்க் கியருக்கு மாற்றுங்கள்.

- நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் இரு பிறேக் மிதிகளையும் வீதியில் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒருபக்கம் இழுத்துப் புரளும்.

- பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

- பாரத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

புதிய கருவி வாங்க எல்லோராலும் இயலாது. வேகத்தைக் குறைக்கவும் பாரத்தை அளவோடு ஏற்றவும் எல்லோராலும் இயலும்.