ஸ்ட்ராபெர்ரி வாசனையும் கறுத்த கழுத்தும்

காதுக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் 23 வயதுப் பெண். எட்டு மாதமாக அரிப்பு. எலுமிச்சைச் சாறு தடவியிருக்கிறாள், கஸ்தூரி மஞ்சள் பூசியிருக்கிறாள், பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள், மருந்துக்கடையில் கேட்டு மூன்று விதமான ட்யூப் வாங்கிப் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் கழுத்தில் அடித்துக்கொள்ளும் ஸ்ட்ராபெர்ரி பாடி ஸ்பிரேயை மட்டும் நிறுத்தவில்லை. "அதுவா இருக்காது டாக்டர், ரெண்டு வருஷமா அதைத்தானே போடுறேன்" என்றாள்.

தோல் மருத்துவராக இந்தப் பேச்சை வாரத்துக்கு நாலைந்து முறை கேட்கிறேன். ஆள் மாறுகிறார், பழம் மாறுகிறது. பீச், அன்னாசி, ஆப்பிள், தர்பூசணி என்று பழ வாசனை வராத பொருளே இப்போது கடையில் இல்லை போலிருக்கிறது. சோப்பு, ஷாம்பு, உதட்டுக்குப் போடும் பாம், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், துணிக்குப் போடும் கண்டிஷனர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தோல் கெட்டுப்போய் வருகிறவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அவர்கள் வரும் நேரம். முதல் வாரத்தில் வந்தால் பத்து நாளில் சரியாகக்கூடியதை எட்டாவது மாதத்தில் கொண்டுவருகிறார்கள்.

பழம் இல்லாத பழ வாசனை

அந்த ஸ்ட்ராபெர்ரி மணத்துக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது எத்தில் மெத்தில் ஃபினைல் கிளைசிடேட் என்ற செயற்கைப் பொருள். வாசனைத் தொழிலில் இதற்கு 'ஸ்ட்ராபெர்ரி ஆல்டிஹைடு' என்றும் 'ஆல்டிஹைடு சி-16' என்றும் பெயர். வேதியியல்படி இது ஆல்டிஹைடே அல்ல, எஸ்டர் வகை. கார்பன் அணுக்களும் 16 இல்லை, 12தான். பீச் பழ வாசனை தரும் 'ஆல்டிஹைடு சி-14' கதையும் இதேதான். அது ஒரு லாக்டோன், அதில் 11 கார்பன் அணுக்களே உண்டு. பிரெஞ்சு நிறுவனமான கெர்லான் 1919-ல் வெளியிட்ட 'மிட்சுகோ' என்ற புகழ்பெற்ற சென்ட் மணத்தது இந்தப் பீச் வாசனையில்தான். நூறு வருடத்துக்கு முன் பாரிசில் பணக்காரர்கள் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டது, இன்று பள்ளிப்பிள்ளைகளின் அழிரப்பர் வரைக்கும் வந்துவிட்டது.

ஸ்ட்ராபெர்ரி ஆல்டிஹைடு மட்டுமே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. எந்தப் பாட்டிலிலும் அது தனியாக இருப்பதில்லை. 'ஃபிராக்ரன்ஸ்' என்று லேபிளில் போட்டிருக்கும் ஒற்றைச் சொல்லுக்குள் பத்து, இருபது, சமயத்தில் நூறு பொருள்கூட அடங்கியிருக்கும். லினலூல், லிமோனீன், ஜெரானியால், சின்னமால், ஹைட்ராக்சி சிட்ரோனெல்லால் போன்றவை அடிக்கடி ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் இப்படிப்பட்ட 26 பொருள்களை லேபிளில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டது. 2023-ல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது. நம் நோயாளிகள் எடுத்துவரும் பல பாட்டில்களில் அந்த ஒற்றைச் சொல்லோடு சரி.

"இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலையே!"

இதுதான் எல்லாரையும் ஏமாற்றும் நம்பிக்கை. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. சில வாரமோ பல வருடமோ தொடர்ந்து பட்டுப் பட்டுத்தான் உடல் ஒரு பொருளைப் பகையாகக் கண்டுகொள்கிறது. அப்படி ஒருமுறை கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அதன்பிறகு துளி பட்டாலும் தடிக்கும். அதுவும் பட்ட உடனே தடிக்காது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். திங்கட்கிழமை அடித்த சென்டுக்குப் புதன்கிழமை அரித்தால், நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காய்மேல் பழி விழுகிறது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மெலிந்துபோய் வருகிறார்கள். பாட்டில் மட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

"இயற்கையானதுதான் டாக்டர், பழத்திலேருந்து எடுத்தது"

முதலில் ஒன்று: ஸ்ட்ராபெர்ரி ஆல்டிஹைடு ஸ்ட்ராபெர்ரிப் பழத்துக்குள்ளேயே கிடையாது. இரண்டாவது, இயற்கையிலிருந்து எடுத்தது என்றால் தோலுக்கு நல்லது என்ற நம்பிக்கையே தப்பு. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நிறைந்திருக்கும் லிமோனீன் இயற்கைதான். பாட்டிலைத் திறந்துவைக்க வைக்க அது காற்றோடு வினைபுரிந்து, ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் எண்ணெயும் இயற்கைதான். அது கலந்த சென்டை அடித்துக்கொண்டு வெயிலில் போனால், வழிந்த கோட்டிலேயே தோல் கறுக்கும். எலுமிச்சைச் சாறைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. கறுப்பைப் போக்கத் தேய்த்தது கறுப்பைக் கூட்டுகிறது.

"அழுக்குதான், நல்லாத் தேய்ச்சுக் குளி"

வீட்டில் பெரியவர்கள் அன்போடு சொல்வது இது. தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் மாநிறத் தோலில் ஒவ்வாமை சிவந்து காட்டாமல் நேராகக் கறுப்பாகவே வருவதும் உண்டு. பீர்க்கங்காய் நாரும் நுரைக்கல்லும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த நிறம் ஆழமாகப் படிகிறது. நீரிழிவுக்கு முன்னறிவிப்பாகக் கழுத்து கறுப்பது வேறு. அது வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கும், பெரும்பாலும் அரிக்காது. இரண்டுமே அழுக்கு இல்லை.

அரிப்புக்கு வீட்டு வைத்தியமாகப் பூண்டை அரைத்துப் பற்றுப்போட்டு, கொப்புளம் வெடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூண்டு தோலைச் சுட்டுவிடும். பற்பசை தடவி வந்தவர்களும் உண்டு. அதில் இருக்கும் புதினா மணமும் ஒரு வாசனைப் பொருள்தான், வாசனையால் வந்த புண்ணில் இன்னொரு வாசனையைத் தடவுகிறோம். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றுகிறவர்களுக்கும் சொல்கிறேன், வேண்டாம்.

"திங்கலாம்னா பூசலாம்தானே? மோந்தா என்ன?"

தின்னத் தகுந்தது சுவாசிக்கத் தகுந்தது ஆகிவிடாது. உணவுக்கான வாசனைப் பொருள்களுக்குக் கொடுக்கப்படும் ஒப்புதல் சாப்பிடுவதற்கு மட்டும்தான். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு, மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டிருப்பது தெரியவந்தது. வெண்ணெய் வாசனை தரும் டைஅசெட்டில் என்ற பொருளின் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததே அதற்குக் காரணம். அது பாப்கார்ன் தின்றதால் வந்தது இல்லை. நம் நாட்டில் 2019-லேயே தடைசெய்யப்பட்ட மின்சிகரெட்டைப் 'பழ வாசனைதானே' என்று ஒளித்து இழுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் ஏர் ஃப்ரெஷ்னரும் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம்.

அந்த மூன்று ட்யூப்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அரிப்பு என்று சொன்னதும் கடையில் எடுத்துத் தரும் ட்யூப்களில் பலவும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்தவை. தடவியதும் அரிப்பு அடங்கும், நிறமும் கொஞ்சம் வெளுக்கும். 'நல்ல மருந்து' என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம்போல மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். முகத்தில் போட்டவர்களுக்கு, நிறுத்தினால் முகமே எரிகிறது. தொடர்ந்தால் முகம் கெடுகிறது. படர்தாமரையில் போட்டால் அது உருமாறி உடம்பெல்லாம் பரவுகிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. சீட்டு இல்லாமல் கேட்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் எழுதித் தருகிறேன், எந்த இடத்தில், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு. அந்தக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியாது.

சோதனை

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படும் பொருள்களை வைத்த பேட்சை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, நாலாம் நாள் வரை பார்ப்போம். எந்தப் பொருள் என்று பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

குழந்தைக்கு வாசனை வேண்டாம். குழந்தைக்கென்று ஒரு மணம் ஏற்கெனவே இருக்கிறது, அது போதும். வாசனை இல்லாத சோப்பு, வெறும் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி, இவ்வளவு போதும். லேபிளில் 'அன்சென்டெட்' என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள், ஒரு மணத்தை மறைக்க இன்னொரு மணம் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். சென்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் தோலில் அடிக்காதீர்கள், துணியில் அடியுங்கள். சவரம் செய்த கன்னத்திலும், முடி மழித்த அக்குளிலும் உடனே அடிக்காதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை தடித்தவர்களுக்குத் துணியிலும் வேண்டாம்.

கண் இமையோ உதடோ வீங்கினால், நீர் வடிந்தால், மூச்சு இழுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பெண் ஸ்பிரேயை நிறுத்தினாள். அரிப்பு மூன்று வாரத்தில் நின்றது. கறுப்பு மறைய ஒரு வருடமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அரிப்பு வந்தால் அவளைப்போல எட்டு மாதம் காத்திருக்காதீர்கள். பூசுவது, தெளிப்பது, குளிப்பது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் வாருங்கள். வழியில் மருந்துக்கடையில் நிற்காதீர்கள்.