தறிக்கும் முன் கேட்க வேண்டியவர்கள்

கடந்த ஆவணி விடுமுறையில் எங்கள் தமிழ் ரீச்சர் என் வாப்பாவை இறுப்பிட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். வாப்பா தச்சுத் தொழில் செய்பவர். ரீச்சரின் தாயார் இருக்கும் காணியில் புதுவீடு கட்டப் போகிறார்கள். காணியின் கடற்பக்கத்து வரிசைப் பனைகளைத் தறித்தால் இடமும் வெளிக்கும், கூரைக்கு மரமும் கிடைக்கும் என்பது சுவிஸில் இருக்கும் ரீச்சரின் தம்பியின் கணக்கு. நானும் வாப்பாவுடன் போனேன். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, இருபுறமும் கடல் கிடக்கும் நீண்ட பாலத்தால் புங்குடுதீவுக்குள் நுழைந்தோம். அந்தத் தீவின் ஊர்களில் ஒன்றுதான் இறுப்பிட்டி. நம் சொந்தக் காணியில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும் என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன். அறிந்ததைத் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வரிசையில் பதினொரு பனைகள் நின்றன. வாப்பா கோடரியை எடுக்கவில்லை. மரங்களின் அடியைச் சுற்றிப் பார்த்தார். ஐந்து மரங்களின் கீழே பழம் விழுந்து கிடந்தது.

"ரீச்சர், இந்த ஐந்தும் பெண்பனை. பேர்மிட் இல்லாமல் நான் தொடமாட்டன்" என்றார்.

"எங்கட காணிதானே நானா?" என்று ரீச்சர் கேட்டார்.

"காணி உங்கட. ஆனால் சட்டம் மரத்தையும் பார்க்குது" என்றார் வாப்பா.

அவர் சொன்ன சட்டம் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பதே இச்சட்டம் பற்றிப் பரவலாக அறியப்பட்ட செய்தி. பலாவும் ஈரப்பலாவும் பஞ்ச காலத்தில் சோற்றுக்கு ஈடாகச் சனத்தைக் காத்த மரங்கள். எங்கள் வடபகுதியில் அந்த இடம் பனைக்கு உரியது. நுங்கு, பழம், பினாட்டு, கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல், கூழ் எல்லாம் பெண்பனையின் காயிலிருந்து தொடங்குபவை. ஆண்பனையும் கருப்பநீர் தரும், ஓலை தரும், ஆனால் காய்க்காது.

அப்படியானால் ஆண்பனையை விட்டுப் பெண்பனையை ஏன் வெட்டப் போகிறார்கள் என்று வாப்பாவிடம் கேட்டேன். வைரம் ஏறிய பெண்பனைதான் வளைக்கும் தீராந்திக்கும் சிறந்தது என்பது தச்சர்களின் அனுபவம் என்றார். ஆகவே கூரை மரம் தேடுபவரின் கண் முதலில் விழுவது பெண்பனையில்தான். உணவு தரும் மரமும் அதுவே, உறுதியான மரமும் அதுவே என்பதால்தான் சட்டத்தின் காவல் அதற்குத் தேவைப்பட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பனை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சில வேளை இருபது ஆண்டுகள்கூடச் செல்லும். அதுவரை வடலி ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் வடலியையும் கேட்டுவிட்டே தொடுவது வாப்பாவின் வழக்கம்.

அனுமதி கேட்கும் வழி கடினமானதல்ல. முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போகவேண்டும். காணி உங்களுடையது என்பதற்கு உறுதி காட்டவேண்டும். எத்தனை மரம், எந்த இடத்தில் நிற்கிறது, எதற்காக வெட்டவேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். மரம் நேரில் பார்க்கப்பட்டு, சிபாரிசோடு விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். புங்குடுதீவுக்கு அது வேலணைப் பிரதேச செயலகம். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றுவது வேறு விடயம். மரம் கொண்டுசெல்லும் விதிகள் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. எனவே வெட்டும் அனுமதி கிடைத்தவுடன், ஏற்றுவதற்கு என்ன கடதாசி வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது. வேறு மரமாக இருந்தாலும் விதானையாரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நட்டமில்லை.

கடலோரக் காணிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம். உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என அது வகுக்கிறது. ஆறும் களப்பும் கடலோடு சேரும் இடங்களில் வலயம் இன்னும் உட்செல்லும். இந்த வலயத்துக்குள் கட்டடம் கட்டுவது மட்டுமல்ல, மணல், பவளப்பாறை, சிப்பி, இயற்கையாக வளர்ந்த செடிகொடிகள் ஆகியவற்றை அகற்றுவதும் அபிவிருத்தி நடவடிக்கையாகவே கொள்ளப்படும். அதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சிறிய தீவொன்றில் 300 மீற்றர் என்பது எத்தனை வீடுகளை உள்ளடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ரீச்சரின் வேலிக்கு வெளியே கடலோரம் கண்டல் பற்றையொன்று நின்றது. கடலைப் பார்க்க அது மறைக்கிறது, அதையும் வெட்டிவிடலாம் என்று தம்பி சொல்லியிருந்தார். கண்டல் வேர்தான் அலையின் வேகத்தைத் தணித்துக் கரை மண்ணைப் பிடித்து வைக்கிறது. மண் கரைந்து கடல் உள்ளே வந்தால், ஏற்கெனவே உவர் தட்டும் தீவுக் கிணறுகளின் கதி என்னவாகும்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ரீச்சரின் தாயார் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் காணி எனக்குச் சீதனமாக வந்தது. இதில் மகளுக்கும் மகனுக்கும் மட்டுமில்லை, கனடாவில் இருக்கிற மூத்தவளுக்கும் பங்கிருக்கு. அவளைக் கேட்டனீங்களோ?" என்றார். யாரும் கேட்கவில்லை. உறுதி காட்டவேண்டும் என்று அலுவலகம் சொல்வது வெறும் கடதாசித் தொல்லை என்று நினைத்திருந்தேன். இங்கே இல்லாத ஒரு பங்காளியின் சம்மதத்தைக் கேட்கவைப்பதும் அந்தக் கடதாசிதான் என்று அப்போது விளங்கியது. 1991இல் இந்தத் தீவுச் சனம் இடம்பெயர்ந்தது. இன்றும் பல காணிகளின் உரித்தாளர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். மதில் இல்லாத காணிகளில் எல்லைக்குச் சாட்சி சொல்ல மிஞ்சியவை பனைகளே. எல்லைப்பனை விழுந்தால் வழக்கு எழும்பும் என்றார் அந்த அம்மா.

வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். 1990 ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, பல ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணம் திரும்பியபோது அவர்களது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. முற்றத்து வேம்பு நின்றதால்தான் இதுதான் எங்கள் வளவு என்று வாப்பும்மா அடையாளம் கண்டாராம். அந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இறுப்பிட்டியில் வைத்துத்தான் அதன் பொருள் எனக்குப் பட்டது.

இக்கட்டுப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பனையை மாநில மரமாகக் கொண்ட தமிழ்நாட்டில், 2021ஆம் ஆண்டு வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். நம் நாட்டில் அந்தக் காவல் 1951இலேயே வந்துவிட்டது. இருந்தும் போர்க்காலத்தில் காவலரண்களுக்காகவும் ஷெல் வீச்சிலும் வடக்கு இழந்த பனைகள் ஏராளம். இன்று விதைத்தாலும் அவை காய்க்கும்போது நாங்கள் தாய்மாராகியிருப்போம்.

முடிவில் நடந்தது இதுதான். கனடா அக்கா பெண்பனைகளை வெட்டச் சம்மதிக்கவில்லை. வீட்டின் வரைபடத்தைச் சற்றுத் திருப்பிப் போட்டார்கள். தலை முறிந்து பட்டுப்போன இரண்டு ஆண்பனைகளுக்கு மட்டும் விதானையாரிடம் கேட்டுத் தறித்தார்கள். கண்டலை யாரும் தொடவில்லை. வாப்பாவுக்குக் கிடைக்கவிருந்த வேலை பாதியாகக் குறைந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் கொஞ்சம் இறுக்கம்தான். உம்மா அதைச் சொன்னபோது, "பேர்மிட் இல்லாமல் தறித்துக் கோட்டில நிற்கிறதைவிட இது பரவாயில்லை" என்றார் வாப்பா.

தோழிகளே, நம் வீடுகளிலும் காணி துப்புரவு நடக்கும், புதுவீடு எழும்பும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த மரம்? இது கடலிலிருந்து எவ்வளவு தூரம்? இதில் வேறு யாருக்குப் பங்கு உண்டு? விடை தெரிந்த பிறகு விதானையாரிடம் போகலாம். கோடரி அதுவரை சுவரோரம் சாய்ந்து நிற்கட்டும்.

புறப்படும்போது அந்த அம்மா ஒரு பையில் பனம்பழங்கள் தந்து விட்டார். பழத்தை உம்மா பிழிந்தெடுத்துப் பலகாரம் சுட்டார். விதைகளை வளவின் மூலையில் புதைத்திருக்கிறேன். அவை ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது.