அஞ்சலில் சேராத விண்ணப்பம்

நவம்பர் மாதம் பிறந்தால் வங்கிக் கிளைகளில் மூத்த குடிமக்களின் வருகை பெருகும். ஓய்வூதியம் தடையின்றித் தொடர, உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. பிம்ப்ரியில் நான் பணியாற்றும் கிளைக்குச் சென்ற நவம்பர் இறுதியில் வந்த ஒரு தம்பதியரைப் பற்றி இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன். பெயர் வேண்டாம் என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை.

ஐயாவுக்கு எழுபது வயது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருவரும் திருச்சியிலிருந்து வந்தது தங்கள் கேரவன் வாகனத்தில். இரு படுக்கைகள், சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அடங்கிய நடமாடும் வீடு அது. பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா என்று தேசிய நெடுஞ்சாலை 48 வழியே, நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்டி வந்திருந்தார்கள்.

வங்கி அதிகாரிக்கே உரிய கவலை என்னையும் பற்றிக்கொண்டது. ஓய்வுக்கால நிதியை, ஆண்டுதோறும் மதிப்புக் குறையும் ஒரு வாகனத்தில் முடக்கிவிட்டார்களோ என்று எண்ணினேன். ஐயா என் முகக்குறிப்பை உணர்ந்துகொண்டார். “பணிக்கொடையில் சிறு பகுதியைக் கொண்டு, பழைய வண்டியாகத்தான் வாங்கினேன், தம்பி. மீதி முழுவதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் வைப்புத்தொகையிலும் இருக்கிறது. அசலைத் தொடுவதில்லை. காலாண்டு வட்டிதான் எங்கள் டீசல்” என்றார். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் அத்திட்டத்தின் வட்டி வரவாகும். அவர்களுடைய பயணங்களும் அந்த நாள்காட்டியை ஒட்டியே அமைகின்றன.

வாகனத்தைப் பிம்ப்ரியில் உறவினரின் குடியிருப்பு வளாகத்தில் நிறுத்திவிட்டு, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்குச் செல்வதே இம்முறை நோக்கம். அம்மாவின் தமக்கையுடைய பேரன் மூன்றாண்டுப் பயிற்சியை நிறைவு செய்கிறான். பெற்றோருடன் நிறைவு அணிவகுப்பைக் காண இவர்களுக்கும் அழைப்பு வந்திருந்தது.

பிம்ப்ரிவாசிகளாகிய நாங்கள் இந்த அகாதெமியைப் பற்றி அடிக்கடி நினைப்பதில்லை. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. பிம்ப்ரியில் பெனிசிலின் தயாரிக்க இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது 1954இல். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று அகாதெமி கடக்வாஸ்லாவில் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னர், 1949 அக்டோபர் 6 அன்று பிரதமர் நேரு அங்கே அடிக்கல் நாட்டியிருந்தார்.

நான்கு நாட்கள் கழித்து, ஊருக்குப் புறப்படும் முன் இருவரும் மீண்டும் கிளைக்கு வந்தார்கள். கண்டதையெல்லாம் ஐயா உற்சாகமாக விவரித்தார். ஜோத்பூர்ச் செம்மணற்கல்லால் எழுந்த, குவிமாடம் கொண்ட சூடான் மாளிகை அவரை மிகவும் கவர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கக் களத்தில் உயிர்நீத்த இந்திய வீரர்களின் நினைவாக, 1941இல் சூடான் ஒரு லட்சம் பவுண்டு வழங்கியது. பிரிவினையின்போது அத்தொகையில் எழுபதாயிரம் பவுண்டு இந்தியாவின் பங்காக வந்தது. அந்தப் பணமே இந்தக் கட்டடமாயிற்று.

பயிற்சி மைதானம் அருண் கேத்ரபால் பெயரைத் தாங்கியது. அகாதெமியின் மாணவராயிருந்து, 1971 போரில் இருபத்தோராம் வயதில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர். அணிவகுப்பின் முடிவில் மாணவர்கள் மெதுநடையில் ‘அந்திம் பக்’ எனப்படும் இறுதி அடியைக் கடந்து செல்வார்கள். அதன் பின்னர் தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்கு எழிமலை, விமானப்படைக்கு துண்டிகல் என்று மேற்பயிற்சி உண்டு. அதை முடித்தால்தான் அதிகாரியாக முடியும்.

அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு அமைதியாகச் சொன்னார்: “என் மகனும் இங்கே வந்திருக்க வேண்டியவன்.”

1999ஆம் ஆண்டு. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று கார்கிலின் படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். அவருடைய உடல் மீட்கப்பட ஒரு மாதத்திற்கும் மேலாயிற்று. அவரது இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தில் இந்த அம்மாவும் நின்றிருந்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த மகன் அகாதெமியின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பி, பள்ளிக்குச் செல்லும் வழியில் அஞ்சலில் சேர்க்கும்படி தாயிடம் கொடுத்தான். அவர் சேர்க்கவில்லை. நுழைவுச்சீட்டு வராதபோது, அஞ்சலில் தொலைந்திருக்கும் என்று மகன் நம்பினான். அப்படியே நம்பட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். கணவருக்குச் சில ஆண்டுகள் கழித்தே தெரியும். தெரிந்தபின் அவரும் மௌனம் காத்தார். அந்த விண்ணப்பம் இன்றும் திருச்சிக் கிளையொன்றின் பாதுகாப்புப் பெட்டகத்தில், நகைகளோடு இருக்கிறது.

அகாதெமியில், உயிர்நீத்த முன்னாள் மாணவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுக் குடிலில் அவர் மேஜர் சரவணனின் பெயரைத் தேடினாராம். அவர் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமி வழியே படையில் சேர்ந்தவர் என்பதால் அங்கே அப்பெயர் இல்லை என்று கணவர் விளக்கினார். “இருந்த பெயர்களையெல்லாம் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே. அவர்கள் அஞ்சலில் சேர்த்தார்கள், நான் சேர்க்கவில்லை” என்றார்.

அன்றிரவு கேரவனில் இருந்தபடியே, ஹைதராபாதில் பணிபுரியும் மகனைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டார். மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று மட்டும் கேட்டாராம். “கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்” என்று அம்மா கூறினார். என்ன மறுமொழி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரு பிள்ளைகளின் தந்தையாகிய நான், அவருடைய இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

இந்தத் தேர்வைப் பற்றி அறிய விரும்பும் பெற்றோருக்குச் சில தகவல்கள். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை இத்தேர்வை நடத்துகிறது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்கு உட்பட்டோர் எழுதலாம். தரைப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவும் போதும். மற்ற இரு படைகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் தேவை. பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. 2022 முதல் பெண்களும் பயில்கின்றனர். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை நிறைவு செய்தனர்.

அவர்கள் கிளைக்கு மீண்டும் வந்தது ஒரு பணப் பரிமாற்றத்திற்காக. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் அந்நாளில் திரளும் நிதி, உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் உதவுகிறது. ஒரு காலாண்டு வட்டித் தொகை முழுவதையும் அந்நிதிக்கு அனுப்ப வேண்டும் என்றார் அம்மா. “அப்படியானால் ஜனவரிப் பயணம் இல்லை” என்றார் ஐயா, படிவத்தில் கையொப்பமிட்டபடியே.

பற்றுச்சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அம்மா எழுந்தார். ஊர் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெட்டகத்தைத் திறந்து, அந்த விண்ணப்பத்தை மகனுக்கு விரைவு அஞ்சலில் அனுப்பப் போவதாகச் சொன்னார். தம் கையாலேயே அஞ்சலகத்தில் சேர்ப்பாராம்.