கொழுந்துத் தராசில் தோன்றும் எண்கள்

சப்பிரகமுவைத் தோட்டங்களிலே நாள் முழுதும் மலையேறிப் பறித்த கொழுந்து, மாலையில் மடுவத்தை அடைந்ததும் ஓர் எண்ணாக மாறுகின்றது. கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. முள் அசையும் பழைய தராசுக்குப் பதிலாக இன்று இலத்திரனியல் தராசு பல இடங்களில் வந்துவிட்டது. அதன் சாம்பல் நிறப் பலகையில் கறுப்பு எண்கள் தோன்றுமாயின், அது திரவப் பளிங்குப் பலகை. அவ்வெண்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

திரவத்தைப் போல் ஓடியும், பளிங்கைப் போல் ஒழுங்கு பேணியும் இருக்கும் இவ்விந்தைப் பொருளை 1888 இல் ரைனிட்சர் என்னும் தாவரவியலறிஞர் கண்டார். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே இதன் மெல்லிய படலம் இருக்கின்றது. தகடுகளின் உட்புறத்தில், ஒளி ஊடுருவும் மின்வாய்கள் கோடுகளாகப் பதிக்கப்பட்டுள்ளன. மின்னழுத்தம் பட்ட கோடு கறுக்கும், படாதது மறைந்திருக்கும். மின்னோட்டம் ஒரே திசையில் நீடித்தால் திரவம் கெட்டுவிடும். ஆதலால் அதன் திசையை ஓயாது மாற்றுகின்றனர்.

ஓர் எண்ணுக்கு ஏழு கோடுகளும் ஒரு புள்ளியும் தேவை. நான்கு எண்களுக்கு 32 உறுப்புகள். தனித்தனியே இணைத்தால், பொது இணைப்புடன் 33 இணைப்புகள் வேண்டும். அவற்றையே 4 நிரைகளாகவும் 8 நிரல்களாகவும் அமைத்தால் 12 இணைப்புகள் போதும். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல், நிரைகளை ஒவ்வொன்றாக அழைத்து மின்னழுத்தம் கொடுப்பர்.

இச்சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. நிரலிற் செல்லும் மின்னழுத்தம் அழைக்கப்படாத நிரைகளையும் சிறிது தாக்கும். கறுக்க வேண்டிய உறுப்பு, மறைய வேண்டியதைவிட எத்தனை மடங்கு மின்னழுத்தம் பெறும்? 4 நிரைகளாயின் அதிகபட்சம் 1.73 மடங்கு, 100 நிரைகளாயின் 1.11 மடங்கு மட்டுமே. இவ்வெல்லையை 1974 இல் ஆல்ட், பிளெஷ்கோ என்போர் நிறுவினர். நிரைகள் பெருகப் பெருக எழுத்து மங்குவதன் காரணம் இதுவே.

இத்துறையில் நம் அண்டை நாட்டின் பங்கும் பெரிது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ருக்மாங்கதன், நிரைகளை ஒவ்வொன்றாக அன்றிப் பலவற்றை ஒருங்கே அழைக்கும் பொதுமுறையை 1988 இல் வெளியிட்டார். அந்த எல்லை மாறவில்லை. ஆயினும் குறைந்த மின்னழுத்தமே போதுமானதாயிற்று.

இனி மடுவத்துக்குத் திரும்புவோம். கண்ணாடியையும் சுற்றுப்பலகையையும் பெரும்பாலும் ஒரு றப்பர் பட்டி இணைக்கின்றது. கேகாலை மரங்களின் பாலன்று. செயற்கைச் சிலிக்கன் றப்பர். ஈரமோ தூசியோ புகுந்தால் இணைப்பு அறும். பல உறுப்புகள் ஓர் இணைப்பைப் பகிரும் பலகையில் பல கோடுகள் ஒருங்கே மறைவதால் பழுது எளிதிற் புலப்படும். தனி இணைப்புள்ள பலகையிலோ ஒரு கோடு மட்டும் மறையும். 8 என்பது 6 ஆகத் தோன்றும். 18 கிலோ 16 ஆகிவிடும்!

தராசை முடுக்கும்போது பல பொறிகள் முதலில் 8888 எனக் காட்டுவது இதற்காகவே. எல்லாக் கோடுகளும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பார்க்க ஒரு கணம் போதும். கணக்கப்பிள்ளைக்கும் கொழுந்து கொடுப்போருக்கும் அது பொதுவான காவல். பள்ளி செல்லும் பிள்ளைகள் இதைத் தம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வார்களாக.